மணல்துறை – 9: கடல் வற்றும் வரை

சென்ற வாரம் 1794 ஆகஸ்டில் நிறுத்தினோம். பிரெஞ்சுப் புரட்சிப் படை ஓந்தரிபியாவுக்குள் நுழைந்துவிட்டது. 1638-ல் கோந்தே இளவரசரின் முற்றுகையை இரண்டு மாதங்களுக்கும் மேலாகத் தாங்கி நின்ற மதில்கள் இம்முறை ஊரைக் காப்பாற்றவில்லை. வந்தவர்கள் அவற்றில் பல பகுதிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு ஓரிரு வரிகள். ஸ்பெயினும் பிரான்ஸும் பிஸ்கே விரிகுடாவின் மூலையில் சந்திக்கும் இடத்தில், பிதசோவா ஆற்று முகத்துவாரத்தின் மேற்குக் கரையில் இருக்கும் சிறிய பாஸ்க் ஊர் ஓந்தரிபியா. 1203-ல் காஸ்டீல் மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோ இதற்குப் பட்டயம் கொடுத்தார். 1659-ல் ஊருக்குச் சற்று மேலே, ஆற்றின் நடுவிலிருக்கும் ஃபெசன்ட் தீவில் இரு நாடுகளும் சமாதானம் எழுதிக்கொண்டன. மறு ஆண்டு ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவுக்கும் பதினான்காம் லூயிக்கும் இந்த ஊர்த் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகன் வரவில்லை. அவர் இடத்தில் பதிலாள் நின்றார்.

அரசர்கள், அமைச்சர்கள், தளபதிகள் என்று எட்டு வாரங்கள் ஓடிவிட்டன. இந்த வாரம் இறால் பிடிக்கிறவர்களின் முறை.

*

அதற்கு முன் தரையைப் பார்த்துவிடுவோம். நடக்கப்போவது அத்தனையும் தரையைப் பொறுத்தது.

ஊருக்கு மேற்கே ஹைஸ்கிபெல் மலை. கடலோரமாகவே நீண்டு செல்லும் மணற்கல் மலை அது. உச்சி 545 மீட்டர். மலைத்தொடர் வடகிழக்கே இகெர் முனையில் கடலுக்குள் முடிகிறது. தெற்கே இருன் நகரம். ரோமானியர்கள் ஒயாஸ்ஸோ என்று அழைத்த துறைமுகம் அங்கேதான் இருந்தது. அதன் படகுத்துறை மரங்கள் இன்று நகரத் தெருக்களுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. கப்பல் நின்ற இடம் தெருவாகிவிட்டது என்றால், இந்த முகத்துவாரம் எவ்வளவு மண்ணைச் சுமந்து வந்து கொட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிழக்கே சிங்குடி விரிகுடா. அதற்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பிரான்ஸின் எந்தாயா.

கடல் ஏறியிருக்கும் வேளையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நிற்பது சந்தேகமில்லாமல் கடல்தான். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் அகலம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய ஓத நாட்களில் நாலு மீட்டரையும் தாண்டும். அதனால் ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தைப் பார்த்தால் வேறு ஊர் போலத் தெரியும். சேற்றுத் திட்டுகள், ஈர மணல் மேடுகள், நடுவே குறுகி ஓடும் ஆற்று வாய்க்கால். அந்த வாய்க்காலும் எல்லா இடத்திலும் ஆழமில்லை.

இதைத்தான் ஊரின் பெயர் சொல்கிறது. பாஸ்க் மொழியில் 'ஓந்தர்' என்றால் மணல். 'இபி' என்றால் ஆற்றை நடந்து கடக்கும் துறை. அக்கரையில் எந்தாயாவின் கடற்கரைக்கு ஓந்தராய்ட்ஸ் என்று பெயர். அங்கேயும் அதே மணல்.

பெயர் பழையது. 1180 வாக்கில் நவார் மன்னர் ஆறாம் சாஞ்சோ சான் செபாஸ்டியன் நகருக்குக் கொடுத்த பட்டயத்தில், அந்த நகரத்தின் எல்லை 'உந்தர்ரிபியாவிலிருந்து ஒரியா வரை' என்று வருகிறது. ஓந்தரிபியாவுக்குச் சொந்தப் பட்டயம் கிடைப்பதற்கு முன்பே, அதன் துறை இன்னொரு நகரத்துக்கு எல்லைக்கல்லாக இருந்திருக்கிறது.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. ஸ்பானியர்கள் ஃபுவென்தெர்ராபியா என்றார்கள். அவர்கள் மொழியில் 'ஃபுவென்தே' ஊற்று. பிரெஞ்சுக்காரர்கள் ஃபோந்தராபி என்றார்கள். லத்தீனில் எழுதியவர்கள் ஒரு படி மேலே போய் 'விரைந்து பாயும் ஊற்று' என்றே பொருள் வைத்தார்கள். நாட்டுப்படங்களிலும் படை அறிக்கைகளிலும் ஏறியது ஊற்றுதான். மணலும் துறையும் மீனவர்களின் வாயில் மட்டும் இருந்தன.

1813-ல் அந்த வித்தியாசம் ஒரு பேரரசின் வாசலைத் திறந்தது.

*

அந்த ஆண்டு ஜூன் 21. வித்தோரியாவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டுப்படையிடம் பிரெஞ்சுப் படை நொறுங்கியது. நெப்போலியனின் அண்ணன் ஜோசஃப், ஸ்பெயினின் அரசராக ஐந்து ஆண்டுகள் இருந்தவர், தப்பித்தால் போதும் என்று பிரான்ஸை நோக்கி ஓடினார். பின்வாங்கிய படைகள் பிதசோவாவைக் கடந்ததும் பெயோபியா பாலத்தை எரித்தன.

எஞ்சியதைத் திரட்ட நெப்போலியன் அனுப்பியவர் மார்ஷல் சூல்ட். திறமைசாலி. கலைந்து கிடந்த படையைச் சில வாரங்களில் மறுபடி நிற்க வைத்தவர். ஆகஸ்ட் 31 அன்று, முற்றுகையில் தத்தளித்த சான் செபாஸ்டியனை மீட்க அவர் ஆற்றைக் கடந்து தாக்கினார். இருனுக்குப் பக்கத்தில், சான் மார்சியல் குன்றில், ஸ்பானியப் படை அவரைத் தடுத்துத் திருப்பியது.

அன்று நடந்த இன்னொன்று சூல்டின் மனதில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். மாலையில் பெரும் புயல்மழை. ஆற்றின் மேற்பகுதியில், காலையில் காலால் நடந்து கடந்த துறைகள் இரவுக்குள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. திரும்ப வழியில்லாமல் ஒரு படைப்பிரிவு பேரா ஊரின் குறுகிய பாலத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே நடந்த சண்டையில் ஜெனரல் வான்டர்மாசன் இறந்தார்.

அதே நாளில் சான் செபாஸ்டியனும் விழுந்தது.

பிதசோவாவின் துறைகள் எவ்வளவு ஆபத்தானவை என்று சூல்டுக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனால் அவர் அறிந்தவை மலைப்பக்கத்துத் துறைகள். கீழே, கடல் வந்து போகும் முகத்துவாரத்தை அவர் ஆறாக எண்ணவில்லை. இயற்கை வெட்டிய அகழியாகத்தான் எண்ணினார்.

கடலிலிருந்து மலை வரை நீண்ட காவல் கோடு அவருடையது. எல்லா இடத்திலும் ஆள் நிறுத்தப் படை போதாது. எங்கே குறைக்கலாம்? எதிரியால் வர முடியாத இடத்தில். தாக்குதல் வந்தால் அது கிழக்கே, உள்நாட்டுப் பக்கம்தான் வரும் என்று அவர் கணித்தார். பம்ப்லோனா கோட்டை இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. வெலிங்டனும் அந்தத் திசையில் படைகளை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனவே எந்தாயாவுக்கு எதிரே, கடலோரத்தில், காவல் மெலிந்தது.

*

லெசாக்கா என்ற மலையூரில் இருந்தது வெலிங்டனின் தலைமையகம். அவரை நமக்கு வேறு பெயரில் தெரியும். ஆர்தர் வெல்லெஸ்லி. 1799-ல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர்.

அவருடைய இந்திய நாட்களில் ஒரு மதியத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். 1803 செப்டம்பர் 23. தக்காணத்தில் அஸ்ஸாயே என்ற கிராமத்துக்கு அருகில், கைத்னா ஆற்றின் அக்கரையில் மராத்திய சிந்தியா, போன்ஸ்லே படைகள் பெருந்திரளாக நிற்கின்றன. இக்கரையில் வெல்லெஸ்லியின் சிறு படை. மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் அதில் கணிசம். எதிரியின் பீரங்கிகளுக்கு நேர் எதிரே ஒரு துறை இருக்கிறது. அதைத் தவிர வேறு துறை கிடையாது என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள்.

வெல்லெஸ்லி ஆற்றங்கரையை நோட்டம் விட்டார். சற்றுத் தள்ளி, இந்தக் கரையில் ஒரு கிராமம், அந்தக் கரையில் ஒரு கிராமம். பீப்பல்காவ், வரூர். இரண்டும் எதிரெதிரே. போக்குவரத்து இல்லாமல் இரண்டு ஊர்களை இப்படி முகத்துக்கு முகம் யாரும் கட்டமாட்டார்கள் என்று அவர் முடிவு செய்தார். ஆளை அனுப்பிப் பார்த்தால், துறை இருந்தது. படை கடந்தது. அன்றைய வெற்றியைத்தான் அவர் பிற்காலத்தில் தன் போர்களிலேயே சிறந்ததாகச் சொன்னார்.

பத்து ஆண்டுகள் கழித்து, மீண்டும் ஓர் ஆறு. மீண்டும் எதிரெதிரே இரண்டு ஊர்கள். ஓந்தரிபியா, எந்தாயா.

இம்முறை ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கேட்டால் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

*

வற்றத்தின்போது மணல் திட்டுகளில் இறங்கி இறால் பிடிக்கிறவர்களுக்கு இந்த முகத்துவாரம் தினசரி வேலையிடம். எந்தத் திட்டு காலைத் தாங்கும், எது உள்ளிழுக்கும், வாய்க்கால் எங்கே அகன்று ஆழம் குறைகிறது, கடல் திரும்புவதற்கு முன் எவ்வளவு நேரம் கையில் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தவறினால் உயிர் போகிற கணக்கு அது.

வெலிங்டனின் ஆட்களுக்கு வழி சொன்னது அவர்கள்தான். வரலாற்று நூல்களில் அவர்கள் தொழிலால் மட்டுமே அறியப்படுகிறார்கள்: இறால் பிடிப்பவர்கள், மீனவர்கள். அந்தக் காலையில் சண்டையிட்ட தளபதிகள் அனைவரின் பெயரும் பக்கம் பக்கமாக இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது. படை நடந்து போனது இவர்களுடைய அறிவின் மேல்.

கழிமுகத்தில், பீரங்கி எட்டும் தூரத்தில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஆயிரக்கணக்கானவர்களை நடக்கவிடப் போகிறோம். கடல் திரும்பிவிட்டால் போனவர்களுக்கு உதவி அனுப்ப முடியாது. தோற்றால் திரும்பி வரவும் முடியாது. இதை ஒரு மீனவரின் வாய்ச்சொல்லை நம்பிச் செய்யலாமா?

செய்யலாம் என்று வெலிங்டன் முடிவெடுத்தார். நாள் அக்டோபர் 7. விடிந்ததும் கடல் வற்றியிருக்கும் நாள்.

*

அக்டோபர் 6 இரவு.

இடியும் மழையும் கொட்டித் தீர்த்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், மிதவைப் பாலத்துக்கான படகுகளை ஏற்றிய வண்டிகள் கரையை நோக்கி நகர்ந்தன. சக்கரச் சத்தம் அக்கரைக்குக் கேட்கவில்லை. முகாமில் கூடாரங்களைக் கழற்றவே இல்லை. காலையில் அக்கரைக் காவலர் பார்த்தால், படை தூங்குகிறது என்று நினைக்கட்டும் என்பதற்காக.

ஐந்தாவது டிவிஷன் ஓந்தரிபியாவுக்கு வந்து, முகத்துவாரத்தை ஒட்டியிருந்த கரைமேட்டின் பின்னால் படுத்துக்கொண்டது. முதல் டிவிஷனும் ஸ்பானியப் படைகளும் இருனுக்கும் பெயோபியாவுக்கும் அருகே மறைந்திருந்தன. ஈரத் தரையில், நனைந்த உடையோடு, பேச்சில்லாமல், தீ மூட்டாமல்.

காத்திருந்தது எதிரிக்காக அல்ல. கடலுக்காக.

பொழுது புலர்ந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கரையோரச் சேறு தெரிந்தது. பிறகு திட்டுகளின் முதுகுகள். ஒவ்வொரு அடியாக மணல் வெளியே வந்தது. அக்கரையில் எந்த அசைவும் இல்லை.

ஏழு மணி தாண்டியது.

ஓந்தரிபியா தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து ஒரு ராக்கெட் சீறி எழுந்தது. 153 ஆண்டுகளுக்கு முன் மரியா தெரேசாவின் திருமணம் நடந்த அதே தேவாலயம். அப்போது அந்தத் திருமணம் இரண்டு நாடுகளுக்கும் சமாதானத்தின் முத்திரை.

கரைமேட்டின் பின்னாலிருந்து வரிசைகள் எழுந்து மணலில் இறங்கின. சான் மார்சியல் குன்றின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. வீரர்கள் திட்டுகளைக் கடந்து வாய்க்காலை அடைந்தார்கள். இடுப்பளவு தண்ணீர், சில இடங்களில் அதற்கும் மேல். அவர்கள் வாய்க்காலின் பாதியைத் தாண்டும் வரை எதிர்க்கரையிலிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை.

அந்தச் சில நிமிடங்கள்தான் போரின் விதியைத் தீர்த்தவை. அக்கரைக் காவலர்கள் கண்ணால் பார்த்ததை நம்பியிருந்தால், இரண்டு பீரங்கிகளை மணலை நோக்கித் திருப்பியிருந்தால், மறைப்பே இல்லாத அந்த வெளியில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஆனால் அவர்களுக்கு அது கடல். கடல் மேல் படை நடந்து வராது.

எந்தாயா விழுந்தது. ஐந்தாவது டிவிஷன் மேலேறி, அக்கரைக் குன்றுகளில் நின்ற பிரெஞ்சு ஜெனரல் மோகூனின் படையைப் பக்கவாட்டில் வளைத்தது. அதே நேரத்தில் மேலே இருனுக்கு எதிரே முதல் டிவிஷனும் ஸ்பானியர்களும் கடந்துவிட்டார்கள். பெயோபியா அருகே மிதவைப் பாலம் இறங்கியது.

சூல்ட் எங்கே? அவர் எதிர்பார்த்த தாக்குதலைத் தேடிக் கிழக்கே, மலைப்பக்கம் இருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் குதிரையைத் திருப்பி அவர் மேற்கே வந்து சேர்வதற்குள் கரை போய்விட்டது.

*

அன்று கைமாறிய குன்றுகளின் பெயர்களைக் கவனிக்காமல் போக முடியவில்லை. ஒன்றின் பெயர் 'பதினான்காம் லூயி'. 1660-ல் தன் மணமகளைப் பெற்றுக்கொள்ள இந்தக் கரைக்கு வந்த அதே அரசர். இன்னொரு காவல் அரணின் பெயர் 'சான்-கியூலோத்', புரட்சிக் காலத்துப் பாரிஸ் எளியவர்களின் அடையாளப் பெயர். மூன்றாவது, 'குடியரசுக் கஃபே'. 1790-களின் போரில் அங்கே முகாமிட்ட புரட்சி வீரர்கள் விட்டுச்சென்றவை பின் இரண்டு பெயர்களும்.

இந்தச் சிறு வட்டாரத்துக்குள் அரசரும் இருக்கிறார், அவர் வம்சத்து வாரிசின் தலையை வெட்டிய புரட்சியும் இருக்கிறது. படைகள் வரும்போதெல்லாம் மேட்டு நிலத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயின. தாழ்ந்த நிலத்துக்கு, சேற்றுக்கும் மணலுக்கும் துறைக்கும், அவை பெயர் வைக்கவே இல்லை. அங்கே பாஸ்க் பெயர்கள் கைபடாமல் கிடந்தன.

மறுநாள், அக்டோபர் 8, உள்நாட்டுப் பக்கம் லார்ருன் மலையும் பிரெஞ்சுக்காரர்கள் கையை விட்டுப் போனது. அந்த மாத இறுதியில் பம்ப்லோனா சரணடைந்தது. நவம்பர் 10-ல் நிவேல் ஆற்றுப் போர். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்தார். லைப்சிக் பெரும்போருக்குச் சரியாக ஒன்பது நாட்களுக்கு முன்பே தென்மேற்கில் பிரான்ஸின் கதவு திறந்துவிட்டிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

*

படைகள் வடக்கே போய்விட்டன. முகத்துவாரம் அதன் மீனவர்களிடம் திரும்பியது. அப்போது பழைய வழக்கு ஒன்று தலைதூக்கியது.

ஆறு யாருடையது?

ஓந்தரிபியா நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: தண்ணீர் முழுவதும் எங்களுடையது, அக்கரை வரைக்கும். எந்தாயா மீனவர்கள் இதை ஒருபோதும் ஏற்கவில்லை. வலை அறுந்தது, படகுகள் பறிமுதலாயின, சால்மன் மீனுக்காக ரத்தம் சிந்தியது. 1659-ல் தீவில் உட்கார்ந்து பிரனீஸ் மலைகளைப் பங்கிட்ட பெரிய மனிதர்கள் இந்தத் தகராறைத் தீர்க்காமலே எழுந்து போயிருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரு அரசுகளும் மறுபடி உட்காரத் தயாராயின. நில அளவையாளர்கள் வந்தார்கள். ஆற்றின் நடுவே ஒரு கோடு கிழிப்பது என்பது அவர்கள் திட்டம். ஆழமான வாய்க்கால் எங்கே ஓடுகிறதோ அங்கே கோடு.

ஆனால் இந்த முகத்துவாரத்தில் வாய்க்கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு வெள்ளமும் மணலை அள்ளி இடம் மாற்றுகிறது. இந்த ஆண்டு ஓந்தரிபியா பக்கம் ஒட்டி ஓடும் வாய்க்கால் அடுத்த ஆண்டு எந்தாயா பக்கம் சாயலாம். நடுவிலிருக்கும் தீவின் கரைகளையும் ஆறு அரித்துக்கொண்டே இருந்தது.

மணல் நகர்ந்தால் நாடும் நகருமா? தீவு எந்தப் பக்கம் சேரும்?

(அடுத்த வாரம்)